தீ இல்லாத அடுப்பு

ஜூன் 9, திங்கள்

தங்கை வசுமதியை இன்று வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். மதுரை ஆஸ்பத்திரியில் நாற்பத்தோரு நாள். கழுத்தில் இடப்பக்கம், முதுகு, இடது கை முழுவதும் தீக்காயம். முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள், ஏதோ பரிசு விழுந்த மாதிரி.

அவள் கணவர் கோபிநாத் தேனி வரைக்கும் காரில் கூடவே வந்தார். பையைத் தூக்கி வந்து கூடத்தில் வைத்துவிட்டு, "தேறுற வரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டும் மதினி. அப்புறம் நானே வந்து கூட்டிட்டுப் போயிக்கிறேன்" என்றார். குழந்தை இனியா போடியில் அவருடைய அம்மாவிடம் இருக்கிறாள். ஒன்றாம் வகுப்பு தொடங்கிவிட்டதாம். பெயின்டிங் கான்ட்ராக்ட் வேலை ஒன்று பாதியில் நிற்கிறது என்று உடனே கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் பால் காய்ச்சலாம் என்று அடுப்பைப் பற்றவைத்தேன். தீ 'டப்' என்று பிடித்தது. எனக்குப் பின்னால் நாற்காலி விழுந்த சத்தம். திரும்பிப் பார்த்தால் வசு இல்லை. குளியலறைக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தண்ணீர் ஊற்றும் சத்தம், மக்கு மக்காக. கட்டு நனையக் கூடாது என்று டாக்டர் அத்தனை தடவை சொன்னார். நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே நின்றேன். "அணைச்சுட்டேன் வசு. அணைச்சுட்டேன்டா."

ஒரு மணி நேரம் கழித்துத்தான் திறந்தாள். ராத்திரிக்கு ரொட்டியும் வாழைப்பழமும்.

ஜூன் 10, செவ்வாய்

சிலிண்டரையும் அடுப்பையும் பக்கத்து வீட்டு ஜோதிமணியிடம் கொடுத்துவிட்டேன். தீப்பெட்டி, லைட்டர், ஊதுபத்தி, சாமி விளக்கு எல்லாம் ஒரு பைக்குள் போய் அதே வீட்டுக்கு. சாமி படத்துக்கு முன்னால் சின்ன சீரியல் பல்பு மாட்டியிருக்கிறேன். ஜோதிமணி கேட்டாள், "அப்ப சோறு எப்படிக்கா ஆக்குவீங்க?" இனிமேல்தான் யோசிக்க வேண்டும் என்றேன்.

விபத்து எப்படி நடந்தது என்று அவளும் கேட்டாள். கேஸ் ட்யூப் கசிந்திருக்கிறது. வசு டீ போடப் பற்றவைத்திருக்கிறாள். சேலையில் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் போலீஸ் வந்தபோது வசு அப்படித்தான் சொன்னாள். கோபிநாத் அவள் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார், அவரும் அதையே சொன்னார். நானும் ஜோதிமணியிடம் அதைத்தான் சொன்னேன்.

கதவை இரண்டு முறை பூட்டினேன்.

ஜூன் 11, புதன்

எங்கள் பள்ளிக்கூடத்து இயற்பியல் டீச்சர் தன் வீட்டில் சும்மா கிடந்த இன்டக்‌ஷன் அடுப்பைக் கொடுத்தார். கறுப்புக் கண்ணாடி, நாலு பொத்தான். சொருகி, பால் பாத்திரத்தை வைத்து அமுக்கினால் 'பீப் பீப்' என்று கத்திவிட்டு ஏதோ ஒரு எழுத்தைக் காட்டி நின்றுவிட்டது. வசு காதைப் பொத்திக்கொண்டாள்.

இருபது வருஷமாக லேப் அசிஸ்டென்டாக இருக்கிறேன். எனக்கு இது உடனே தோன்றியிருக்க வேண்டும். காந்தம் ஒட்டாத பாத்திரம் இந்த அடுப்பில் சூடாகாது. அடுப்பில் சூடு கிடையாது, அடியில் செப்புக் கம்பிச் சுருள்தான் இருக்கிறது. சூடு பாத்திரத்தின் அடியில்தான் பிறக்கிறது. வீட்டில் இருப்பதையெல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தேன். அலுமினியக் குண்டான் சூடாகவில்லை. இண்டாலியம் சட்டி இல்லை. பித்தளை இல்லை. எவர்சில்வரில்கூட எல்லாம் இல்லை. அம்மாவின் பழைய டிபன் பாத்திரம் ஒன்று வேலை செய்தது, ஆனால் அடி உப்பியிருப்பதால் கண்ணாடி மேல் பம்பரம் மாதிரி ஆடுகிறது.

பதினேழு பாத்திரத்தில் ஒன்று. அதில் கஞ்சி வைத்தேன். வசு சமையலறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். "தீயே தெரியலையே" என்றாள். வீட்டுக்கு வந்தபின் அவளாகப் பேசிய முதல் வார்த்தை.

ஜூன் 12, வியாழன்

லேபிலிருந்து லாடக் காந்தம் ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஜாருக்குப் போனேன். சிக்கந்தர் பாய் கடையில் ஒவ்வொரு பாத்திரத்தையும் கவிழ்த்து, காந்தத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் கல்லாவிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

"என்ன டீச்சர், என் கடையில புதையல் தேடுறீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். அதற்குமேல் அவரே ஆர்வமாகிவிட்டார். ஸ்டிக்கரை நம்பாதீங்க என்றார். சிலதில் நடுவில் மட்டும் சின்ன இரும்பு வட்டு ஒட்டியிருப்பார்களாம். அதில் நடுவில் பால் கருகும், ஓரத்தில் சுடவே சுடாது. காந்தத்தை அடியின் ஓரம் வரைக்கும் நகர்த்திப் பார்க்க வேண்டும்; 'நச்' என்று இழுத்துப் பிடிக்க வேண்டும், சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதாது. ஸ்கேலை அடியில் குறுக்காக வைத்து, இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னார். மெல்லிசான தகடு என்றால் தேனீக் கூடு மாதிரி ரீங்காரம் போடுமாம், சீக்கிரம் வளைந்தும் போகுமாம்.

கனமான அடி உள்ள ஒரு சாஸ்பேனும் எவர்சில்வர் குக்கரும் எடுத்தேன். ஒரு மணி நேரம் வேறு எதையுமே நினைக்கவில்லை. கடையை விட்டு இறங்கியதும் ஒரு பைக் என்னை ஒட்டி வந்து நின்றது. யாரோ. வேறு யாரோதான். குக்கர் மூடி கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்துவிட்டது.

ஜூன் 14, சனி

கோபிநாத் சொல்லாமல் வந்தார். இனியாவையும் கூட்டி வந்திருந்தார். கையில் பெரிய அட்டைப்பெட்டி. உள்ளே தாமிர அடி போட்ட பாத்திரங்கள் ஐந்து, பளபள என்று. "மதினிக்கு ஒரு உபகாரம் பண்ணணும்ல" என்றார்.

நான் அடுப்பைக் காட்டி, தாமிரம் இதில் ஆகாது என்றேன். அவர் சமையலறைக்குள் வந்து பார்த்தார். "கரன்ட் அடுப்பா? நல்லதாப் போச்சு. அவளுக்குத்தான் ஒழுங்கா ஒரு அடுப்பப் பத்தவைக்கத் தெரியாதே" என்று சிரித்தார். வசுவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். எங்கள் அப்பா கையை ஓங்கும்போது சின்ன வயதில் அப்படித்தான் பல்லைக் காட்டுவாள்.

இனியா அம்மாவின் பக்கத்தில் போகவே இல்லை. வசு வலது கையை நீட்டினாள். குழந்தை என் பின்னால் வந்து நின்றுகொண்டது. "பயப்படுறா. அம்மாவப் பாத்தா பிள்ளைக்கே பயமாயிருக்கு பாரு" என்றார் அவர்.

போகும்போது வாசலில் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "போலீஸ் கேஸ முடிச்சிட்டாங்க மதினி. விபத்துன்னு ஆயிருச்சு. இனிமே யாரும் எதையும் கிளறாம இருந்தா எல்லாருக்கும் நல்லது. பிள்ள எங்கிட்ட இருக்கா, அத மனசுல வச்சுக்கங்க."

நான் தலையாட்டினேன். ஆமாம், ஆட்டினேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. பெட்டியைப் பரணில் போட்டாயிற்று.

ஜூன் 16, திங்கள்

வசு முதல்முறையாகச் சமையலறைக்குள் வந்து, தானே வெந்நீர் வைக்கிறேன் என்றாள். சந்தோஷமாக இருந்தது. ஆனால் நான் வாங்கிய சாஸ்பேன் நீளக் கைப்பிடி கொண்டது. வலது கையால் தூக்கினாள், பாரம் தாங்கவில்லை. இடது கையைக் கொடுத்தாள். அந்த விரல்கள் உள்ளே மடங்கிப்போய் இருக்கின்றன; கட்டைவிரல் மட்டும்தான் பேச்சுக் கேட்கிறது. பாத்திரம் தொட்டியில் விழுந்தது. தண்ணீர் இன்னும் சுடவில்லை, நல்லவேளை.

அழவில்லை. "எனக்கு ரெண்டு காது வச்சது வேணும்கா. மணிக்கட்டால முட்டுக் குடுத்துத் தூக்குற மாதிரி. நீ வாங்கினது உனக்கு ஆகும். எனக்கு ஆகாது" என்றாள். பிறகு, "நானே வந்து பாத்து எடுக்குறேன்" என்றாள்.

வெளியே வருகிறேன் என்கிறாள்! டாக்டர் கேட்டால் மகிழ்ந்துபோவார். எனக்குத்தான் திக்கென்றது. பஜாரில் கோபிநாத்தோ அவருடைய ஆட்களோ பார்த்தால் என்ன ஆகும்? பார்த்தால்தான் என்ன? பாத்திரம்தானே வாங்கப் போகிறோம். இருந்தும்.

ஜூன் 18, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்து மணிக்கு ஆட்டோவில் போனோம். வசு துப்பட்டாவைக் கழுத்து மறையச் சுற்றிக்கொண்டிருந்தாள். சிக்கந்தர் பாய் அவளைப் பார்த்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு 'அடடா' சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காரும்மா. நீயே கையில எடுத்துப் பாரு. கைக்கு அமையாத பாத்திரம் எவ்வளவு நல்லதா இருந்தாலும் வீண்."

என் காந்தத்தை அவள் வாங்கிக்கொண்டாள். ஒவ்வொன்றாக எடுத்தாள், கவிழ்த்தாள், ஒட்டினாள். அடி பரந்து, உயரம் குறைந்து, இரண்டு பக்கமும் அகலக் காது வைத்த சட்டி ஒன்று. காதுக்குள் மடங்கிய விரல்கள் நான்கும் சேர்ந்து நுழைந்தன. தூக்கினாள். தண்ணீர் ஊற்றித் தரச் சொல்லித் தூக்கினாள். மறுபடி தூக்கினாள். "இதுதான்க்கா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். இது வேறு சிரிப்பு. பல வருஷம் ஆகிறது நான் அதைப் பார்த்து.

தோசைக்கல்லும் வேண்டும் என்றாள். வார்ப்பிரும்பில் வேண்டாம், கண்ணாடி மேல் இழுத்தால் கீறிவிடும், உனக்குக் கனம் வேறு என்றார் பாய். இரும்புத் தகட்டில் ஒன்று எடுத்து வர உள்ளே போனார்.

அப்போதுதான். பக்கத்துக் கடை பெயின்ட் கடை. அங்கே ஒருவன் டின்னிலிருந்து பாட்டிலுக்கு, பெயின்டில் கலக்கும் தின்னர் ஊற்றிக்கொண்டிருந்தான். காற்று இந்தப் பக்கம் திரும்பியது.

வசு ஸ்டூலிலிருந்து சரிந்தாள். சரிந்தவள் சட்டியை மட்டும் விடவில்லை. பாத்திர அடுக்கு ஒன்று அவளோடு சேர்ந்து சரிந்தது. தரையில் சுருண்டு, இடது கையால் தலையை மறைத்துக்கொண்டு, "வேண்டாங்க, வேண்டாங்க, பிள்ள பாக்குது, வேண்டாங்க" என்றாள். கடை முழுக்க ஆட்கள். பாய் ஓடி வந்து ஷட்டரைப் பாதி இறக்கி, எல்லோரையும் வெளியே அனுப்பினார். தண்ணீர் கொடுத்தார். ஆட்டோவையும் அவரே பிடித்து வந்தார்.

வீட்டுக்கு வந்து சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அன்னிக்கு வந்தது கேஸ் வாசம் இல்லக்கா" என்றாள்.

எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை.

ஜூன் 19, வியாழன்

எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 29ஆம் தேதி ஆஸ்பத்திரியில் ஆயா ஒருத்தி, எரிந்த சேலைத் துண்டுகளை பிளாஸ்டிக் கவரில் கட்டி என்னிடம் கொடுத்தாள். கழிவறையில் போய் அவிழ்த்துப் பார்த்தேன். லேபில் இருபது வருஷம் பாட்டில்களைத் திறந்து மூடியவளுக்கு மூக்கு பொய் சொல்லாது, தின்னர் வாசம். கவரை மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினேன். மறுநாள் ஊருக்கு வந்தபோது வேதியியல் லேபின் அடித்தட்டில், ஆசிட் பாட்டில்களுக்குப் பின்னால் வைத்துப் பூட்டினேன். சாவி என்னிடம்தான் இருக்கிறது. போலீஸ் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வசுவே விபத்து என்கிறாள், நான் யார் நடுவில் என்று இருந்தேன். அவள் அவருக்குப் பயந்து சொல்கிறாள் என்று தெரிந்துதான் இருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன், கை வந்தபோதே. தீ பிடித்ததற்கு மூன்று வாரம் முன்னால் வசு ஒரு பையோடு இங்கே வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. "அக்கா, நான் இங்கேயே இருந்துரட்டுமா?" என்று கேட்டாள். ஊர் என்ன சொல்லும், பிள்ளையை நினை, கொஞ்சம் பொறுத்துப் போ என்றேன். நானே பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

கோபிநாத் போன் செய்தார். "பஜார்ல என்னமோ கூத்து நடந்துச்சாமே மதினி. பெயின்ட் கடைக்காரன் நமக்குத் தெரிஞ்சவன்தான்." வெயிலில் அவளுக்கு மயக்கம் வந்துவிட்டது என்றேன். "சரி சரி. ஞாயித்துக்கிழம வர்றேன். துணிமணி எடுத்து வச்சிருங்க. போதும் உங்க வீட்டுப் பண்டுவம்."

போனை வைத்தபின் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. வசு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஞாயித்துக்கிழமையா?" என்றாள். தலையாட்டினேன். எழுந்து போய்ப் புதுச் சட்டியில் உப்புமா கிளறினாள்.

சாப்பிடும்போது நான் சொல்லிவிட்டேன். சேலையைப் பற்றி, கவரைப் பற்றி, எல்லாம். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "இன்னும் இருக்கா அது?"

"இருக்கு."

"நாளைக்கு எடுத்துட்டு வா" என்றாள்.

ஜூன் 21, சனி

மகளிர் காவல் நிலையத்தில் காலை பத்திலிருந்து மதியம் மூன்று வரை. கைப்பையில் கவர். வழியெல்லாம் ஒவ்வொரு பைக்கும் அவருடைய பைக்காகத்தான் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் அம்மா முதலில் என்னிடம்தான் பேச ஆரம்பித்தார். வசு, "நான்தாங்க சொல்லணும்" என்றாள். சொன்னாள். கூடத்தில் சண்டை. சமையலறை வரைக்கும் அவர் துரத்தியது. பெயின்ட் வேலைக்கு வைத்திருந்த தின்னர் டின்னைத் திறந்து ஊற்றியது. அடுப்பிலிருந்து ஒரு குச்சியில் பற்றவைத்து எறிந்தது. ஆஸ்பத்திரியில் காதருகே குனிந்து, "வாயத் திறந்தா பிள்ளையப் பாக்க மாட்ட" என்றது. எந்த இடத்திலும் குரல் உடையவில்லை. குழந்தை எங்கே இருந்தாள் என்று கேட்டபோது மட்டும், "மாடியில" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

என் முறை வந்தது. கவரைக் கொடுத்தேன். இத்தனை நாள் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டார். பயம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான்தான் அவளைத் திருப்பி அனுப்பியவள் என்றும் சொல்லிவிட்டேன். அதையும் எழுதுங்கள் என்றேன்.

வசு என் பக்கம் திரும்பினாள். "போகச் சொன்னது நீதான். அது எனக்கும் உனக்கும் உள்ளது, வீட்டுல பேசிக்கலாம். ஊத்துனது அவரு. இங்க அத மட்டும் எழுதட்டும்" என்றாள்.

போடிக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் வீட்டில் இல்லை, குழந்தையோடு எங்கோ போயிருக்கிறார். நாளை எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னதைச் சொன்னோம். வந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுங்கள், சண்டை போடாதீர்கள், உட்கார வையுங்கள் என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா.

உட்கார வைக்க வேண்டுமாம்.

ஜூன் 22, ஞாயிறு

பதினொன்றரைக்கு வந்தார். பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் இனியா. நான் போனை முந்தானைக்குள் வைத்து அமுக்கினேன். போனதா இல்லையா என்று பார்க்கக்கூடத் துணிச்சல் வரவில்லை. குழந்தையை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கலர் பென்சில் கொடுத்து உட்காரவைத்தேன்.

"கிளம்பலயா இன்னும்?" என்றார்.

"டீ குடிச்சிட்டுப் போலாம்" என்றாள் வசு.

அவள் சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தாள், பொத்தானை அமுக்கினாள். அடுப்பு 'பீப்' என்றது. அவர் எழுந்து வந்து சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். உள்ளே அவள், வெளியே நான், நடுவில் அவர் முதுகு. சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். ஸ்டேஷனிலிருந்து எங்கள் தெருவுக்குப் பத்து நிமிஷம்.

"தீயே இல்லாம டீயா" என்று உள்ளே போனார். அடுப்பின் கண்ணாடி ஓரத்தில் உள்ளங்கையை வைத்தார். "சுடவே இல்லையே. எதுல சூடு இருக்குன்னு வெளிய தெரியாது போல." பிறகு அவள் துப்பட்டாவின் நுனியை எடுத்து விரலில் சுற்றினார். சுற்றிக்கொண்டே, "பஜார்ல என்ன சொன்ன நீ?" என்றார். மெதுவாக, கொஞ்சுகிற குரலில்.

"ஒண்ணும் சொல்லல."

"வேண்டாங்கன்னு சொன்னியாமே. எது வேண்டாம்?"

டீத்தூள் போட்ட பால் பொங்கி வந்தது. வசு மணிக்கட்டால் முட்டுக்கொடுத்துச் சட்டியைத் தூக்கினாள். கொதிக்கிற பால் அவள் கையில், அவர் அவளை ஒட்டி நிற்கிறார். அவருக்கும் அது தோன்றியிருக்க வேண்டும்; துப்பட்டாவை விட்டுவிட்டு ஓர் அடி பின்னால் போனார். அவள் அவரைப் பார்க்காமல் தம்ளரில் டீயை வடிகட்டினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. "சர்க்கர போதுமான்னு பாருங்க" என்று நீட்டினாள்.

அவர் குடித்தார். பாதி குடித்திருப்பார், ஜீப் வந்து நின்றது.

அவர் திமிறவில்லை. இன்ஸ்பெக்டர் அம்மா உள்ளே வந்தபோது தம்ளரை என்னிடம் நீட்டினார், விருந்துக்கு வந்தவர் மாதிரி. வசுவைப் பார்த்து, "நீயா?" என்றார்.

"நான்தான்" என்றாள்.

ஜீப் தெருமுனை திரும்பியதும் அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் கை நடுங்கியது. இரண்டு கையும். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன். எது யாருடைய நடுக்கம் என்று தெரியவில்லை. நிமிர்ந்தபோது இனியா கதவருகே நின்றிருந்தாள், கையில் பச்சைப் பென்சிலோடு.

ஜூன் 27, வெள்ளி

ரிமாண்டில் இருக்கிறார். குழந்தைகள் நலக் குழுவிலிருந்து இரண்டு பேர் வந்து விசாரித்து, இனியா அம்மாவிடமே இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் குழந்தை என்னோடுதான் படுக்கிறாள், என் கையால்தான் சாப்பிடுகிறாள். வசு இருக்கும் அறைக்குள் போவதில்லை. வசு காலையில் தலை வாரிவிட சீப்பை எடுத்துக்கொண்டு காத்திருந்துவிட்டு, பிறகு என்னிடம் நீட்டுகிறாள்.

ஜூலை 2, புதன்

கோபிநாத்தின் அண்ணன் வேறு இரண்டு பேரோடு வந்து கேட்டுக்கு வெளியே பைக்கில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வரவில்லை, சத்தம் போடவில்லை. "ஜாமீன்ல வெளிய வரட்டும் டீச்சர். வந்தபிறகு பேசிக்கிறோம்" என்றார். ஜோதிமணி அவள் வாசலில் வந்து நின்று போனில் அவர்களைப் படம் எடுத்தாள். போய்விட்டார்கள். இன்ஸ்பெக்டர் அம்மாவுக்குப் படத்தை அனுப்பியிருக்கிறோம்.

வசு அப்போது குக்கரில் பருப்பு வைத்திருந்தாள். விசில் வந்தபோது நான் கத்திவிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

பயமாக இருக்கிறது. வேறு எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 6, ஞாயிறு

ஜாமீன் மனு வியாழக்கிழமை வருகிறது. கிடைக்காது என்று வக்கீல் சொல்கிறார். கிடைத்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லியிருக்கிறார். நிலையத்து எண், பாதுகாப்பு உத்தரவு மனு, எல்லாவற்றையும் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிட்டோம்.

சிக்கந்தர் பாய் தோசைக்கல்லைக் கடைப் பையனிடம் கொடுத்தனுப்பினால் வசு சங்கடப்படுவாள் என்று, தானே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தட்டையான இரும்புக் கல், சின்னக் கைப்பிடி இரண்டு. வசு எண்ணெய் தடவிப் பழக்கி வைத்திருந்தாள். காலையில் மாவை எடுத்து முதல் தோசை ஊற்றினாள். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

இனியா சமையலறை வாசல்படியில் வந்து நின்றாள். இத்தனை நாளில் அவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. நான் துருவுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஓடிவிடுவாள் என்று தோன்றியது.

"தீ எங்கம்மா?"

'அம்மா' என்றாள். வசு திரும்பிப் பார்க்கவில்லை. கரண்டியை மாவில் சுழற்றிக்கொண்டே, "இதுல தீ கிடையாது" என்றாள்.

"பொய். அப்புறம் எப்படி வேகுது?"

"கல்லு மட்டும் சூடாகும். தீ வராது. எப்பவுமே வராது."

குழந்தை அதை யோசித்தாள். இரண்டடி உள்ளே வந்தாள். அம்மாவின் இடது கையைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"எத அமுக்குனா நிக்கும்?"

குழந்தை மாடியில் இருந்தாள் என்றுதானே வசு ஸ்டேஷனில் சொன்னாள்.

வசு கரண்டியை வைத்துவிட்டு, முழங்கால் மடக்கி அவள் உயரத்துக்கு உட்கார்ந்தாள். "இந்தா, இது. வந்து அமுக்கு" என்றாள். இனியா வந்தாள். பொத்தானைத் தொடக் கை எட்டவில்லை. அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு எம்பினாள், தழும்பு உள்ள தோள்தான். அமுக்கினாள். அடுப்பு நின்றது. வசு மறுபடி போட்டாள். அவள் மறுபடி அமுக்கினாள், நின்றது. மறுபடி. மறுபடி. எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. தோளிலிருந்து கையை மட்டும் எடுக்கவே இல்லை.

தோசை வேகவே இல்லை. மூன்று பேரும் பச்சையாகவே சாப்பிட்டோம்.